நரசிம்மருக்கு நாங்கள் வாங்கித் தந்த பஸ்

ஒரு வசதி தேவைப்படுகிறவர்களுக்கு அதைக் கேட்டு அலைய நேரம் இருப்பதில்லை. அலைய நேரம் இருக்கிறவர்களுக்கு அந்த வசதி தேவைப்படுவதில்லை. எங்கள் நகருக்கு பஸ் வாங்கித் தந்தவர்கள் எல்லோரும் இரண்டாவது ரகம். அதில் முக்கியமான ஆள் நான். (இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலமும் உண்டு. மொத்தம் அரைப் பொழுது.)

தாம்பரத்துக்கு மேற்கே, ஏரியைத் தாண்டி இருக்கிறது எங்கள் நகர். மனை விற்றவர்கள் நோட்டீஸில் 'விமான நிலையம் மிக அருகில்' என்று போட்டிருந்தார்கள். பொய் இல்லை. மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் தாழப் பறப்பது தெரியும். பஸ்தான் கண்ணில் படாது. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் நகருக்கு வரும் ஏரிக்கரைச் சாலை மட்டும் இரண்டரை கிலோமீட்டர். தார் முடிகிற இடத்தில் ஷேர் ஆட்டோக்காரர்களின் கருணையும் முடிந்துவிடும். கேஸ் சிலிண்டரை மெயின் ரோட்டு டீக்கடையில் இறக்கிவிட்டுப் போவார்கள். கூரியர்க்காரர் போன் செய்து, "சார், பக்கத்துலதான் கீறேன், நீங்க வந்துடுங்க" என்பார். ஒருமுறை ஆம்புலன்ஸை அழைத்தபோது, நோயாளியை மெயின் ரோடு வரை கூட்டிவர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

நான் அப்போது ஒரு பத்திரிகையில் இரவுப் பணி உதவி ஆசிரியர். எங்கோ ஒரு மலைக் கிராமத்தில் கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள் என்று செய்தி வந்தால், அதற்கு 'எட்டாக்கனியான அடிப்படை வசதிகள்' என்று தலைப்பு வைப்பேன். பிறகு பைக்கில் வீடு திரும்பித் தூங்குவேன். நான் தூங்கும் நேரத்தில் எங்கள் நகரின் பெண்கள் ஏரிக்கரையில் வரிசையாக வேலைக்கு நடந்து போவார்கள். இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை. 'தொலைதூர' என்று ஒரு சொல் வந்துவிட்டால் அந்த ஊர் தர்மபுரிக்கு அப்பால்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத விதி.

என் மனைவி கல்பனாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் லேப் டெக்னீஷியன். அதுவரை ஸ்கூட்டரில் போய்வந்தாள். ஸ்கேன் பார்த்த டாக்டர், பிரசவம் வரை டூ வீலரைத் தொடக் கூடாது, அதிக தூரம் நடக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். பைக்கும் இல்லை, நடையும் இல்லை என்றால் எங்கள் நகரில் மிச்சம் இருப்பது வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான்.

சரியாக அந்த வாரம்தான் எங்கள் நகருக்கு ஒரு சின்ன பஸ் வந்தது. ஒரு வாரம் சோதனை ஓட்டம். காலையில் தாம்பரத்துக்கு ஒரு நடை, மாலையில் திரும்ப ஒரு நடை. ஆள் ஏறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் ரத்து. முதல் நாள் பஸ்ஸில் போய்விட்டு வந்த கல்பனா, சாப்பிடும்போது அமைதியாகச் சொன்னாள்:

"பஸ் இருந்தா லீவு போடற வரைக்கும் இங்கேருந்தே போயிட்டு வருவேன். இல்லன்னா இப்பவே அம்மா வீட்டுக்குப் போயிடறேன். பம்மல்ல வாசல்லயே பஸ்."

மிரட்டல் இல்லை, கணக்கு. அவளுக்குப் போக விருப்பம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இந்த வீடு எழும்பியபோது தினமும் காலையில் வந்து சுவருக்குத் தண்ணீர் அடித்தவள் அவள். (எனக்கு இரவுப் பணி.) ஏழாம் மாதம் வளைகாப்பை இந்தக் கூடத்தில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் நின்றால் எல்லாம் போச்சு.

மூன்றாம் நாள் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் ரங்கநாதன் சார் அவசரக் கூட்டம் கூட்டினார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் கார் நிறுத்தும் போர்ட்டிகோவில், காரைத் தெருவில் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் அப்போது வேலையிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"லேடீஸ் டிக்கெட் ஃப்ரீ. எத்தனை லேடீஸ் ஏறினாலும் கலெக்‌ஷன் சைபர்" என்றார் ரங்கநாதன் சார். "நாளைக்குக் காலையில ரூட்டை ஆய்வு பண்ண அதிகாரி வர்றார். கண்டக்டர் பையைப் பார்த்தாலே போதும், பஸ்ஸைத் தூக்கிடுவார்."

பத்திரிகையில் ஒரு தகவலை இரண்டு இடத்தில் விசாரிக்காமல் அச்சுக்கு அனுப்பினால் தோலை உரித்துவிடுவார்கள். அந்த ஒழுக்கத்தை நான் ஆபீஸிலேயே கழற்றி மாட்டிவிட்டு வந்திருந்தேன் போலிருக்கிறது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பத்திரிகைக்காரனுக்கு எதையும் சாதிக்கத் தெரியும் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் இன்னும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த போர்ட்டிகோவில் இருந்தார்கள்.

"நாம ஏறணும் சார்" என்றேன். "ஆம்பளைங்க. டிக்கெட் எடுத்து. அதிகாரி வர்ற அன்னைக்கு பஸ் நிரம்பி வழியணும்."

கைதட்டினார்கள். வீட்டுக்கொரு கார், இல்லையென்றால் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள். வங்கி மேலாளராக ஓய்வு பெற்ற சேவியர் சார் மட்டும், டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்க வேண்டுமா, ஏறிய பிறகா என்று சந்தேகம் கேட்டார்.

அன்றிரவு ஆபீஸிலிருந்து கல்பனாவுக்கு போன் செய்து, உன் பஸ்ஸைக் காப்பாற்றிவிட்டேன் என்று திட்டத்தை விவரித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்க எங்க நிக்கறது?" என்றாள். ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்றேன். இந்த நாட்டில் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று சொல்கிறவர் உட்கார்ந்துகொண்டிருப்பார் என்பதைப் பிற்பாடு கவனித்திருக்கிறேன்.

பஸ் புறப்படும் இடம் தண்ணீர்த் தொட்டி. (தொட்டி இருக்கிறது, தண்ணீர் இன்னும் ஏறவில்லை.) அடுத்த நிறுத்தம் எங்கள் தெருமுனை. பெண்கள் ஏறுவது அங்கேதான். நாங்கள் முன்யோசனையோடு தொட்டிக்கே போய்விட்டோம். தூக்கம் இல்லாத கண்களோடு நான் தலைமை தாங்கினேன். இஸ்திரி போட்ட சட்டையில் சிலர், வாக்கிங் ஷூவில் சிலர், மார்கழிக் குளிரை எதிர்பார்த்து மங்கி குல்லாவில் ஒருவர். அது வைகாசி மாதம்.

பஸ் காலியாக வந்து நின்றது. காலி பஸ்தான், போட்டிக்கு ஆளே இல்லை. ஆனாலும் வேலைக்குப் போன காலத்துப் பழக்கம் ரத்தத்தில் இருந்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாகத் துண்டுகளும் கைக்குட்டைகளும் பறந்தன. ஒரு பெரியவர் கண்ணாடிக் கூட்டை எறிந்து சீட் பிடித்தார். இரண்டு நிமிடத்தில் பஸ் நிரம்பியது. இடப்பக்கம் 'மகளிர்' என்று எழுதியிருந்த இருக்கைகளிலும் மீசைகள். நடுவழியில் தோளோடு தோள். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

ஆய்வு அதிகாரி ஏறினார். சாந்தமான மனிதர். கூட்டத்தைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, படியில் யாரும் தொங்கக் கூடாது, வண்டி நிறைந்துவிட்டால் வழியில் நிறுத்த வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். நியாயமான பேச்சு. அந்த நியாயம் தெருமுனைக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து பெண்கள். முன்னால் டிபன் பையோடு ஷாஹிதா அக்கா. எங்கள் தெருவின் கடைசி வீடு. ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் கம்பெனியில் தையல் வேலை. பக்கத்தில் பாலிடெக்னிக் யூனிபாரத்தில் இரண்டு பெண்கள். அவர்களுக்கு நடுவே, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் தண்ணீர் பாட்டிலோடு கல்பனா. பஸ் தெரிந்ததும் ஓர் அடி முன்னால் வந்தாள். தன் பஸ் தனக்காக நிற்கும் என்ற நிம்மதியோடு வைத்த அடி.

பஸ் வேகம் குறைத்தது, பள்ளத்துக்காக. பிறகு போய்விட்டது. என் ஜன்னலுக்கு ஒரு முழ தூரத்தில் கல்பனாவின் முகம் கடந்தது. நான் கையைத் தூக்கினேன்.

அந்தக் கையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இன்றுவரை இரண்டு கருத்துகள் உண்டு. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன் என்பது என் தரப்பு. டாட்டா காட்டினேன் என்பது கல்பனாவின் தரப்பு. நேரில் பார்த்தவர்களில் சாட்சி சொன்னவர் ஷாஹிதா அக்கா மட்டும். அவருடைய வாக்குமூலம்: "சிரிச்சிக்கினே காட்டுச்சு."

நான் எழுந்தது உண்மை. 'நிறுத்துங்க' என்று வாய் திறந்ததும் உண்மை. ரங்கநாதன் சார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கெடுத்துடாதீங்க சார். ஃபுல்லுன்னு இப்பதான் எழுதிக்கிட்டு இருக்கார்" என்று காதில் சொன்னார். நான் உட்கார்ந்தேன்.

ஏரிக்கரை முடியும் இடத்தில் அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். முகத்தில் உண்மையான அக்கறை.

"எல்லாரும் தாம்பரம்தான் டிக்கெட் எடுத்திருக்கீங்க. அங்க என்ன வேலை?"

சீட் பிடிப்பதுவரை திட்டமிட்டிருந்தோம். எங்கே போகிறோம் என்பதைத் திட்டமிட மறந்திருந்தோம். ஓய்வு பெற்றவர்கள் ஒரு வண்டி நிறைய, காலை ஏழு மணிக்கு, ஒரே இடத்துக்கு. யோசித்துப் பார்த்தால் கைது செய்யவே காரணம் போதும்.

"கோவிலுக்கு சார்" என்றார் ரங்கநாதன் சார்.

"எந்தக் கோவில்?"

"சிங்கப்பெருமாள் கோவில். தாம்பரத்துல பஸ் மாறிப் போகணும். நரசிம்மர் சார்."

"எல்லாருமா?"

எல்லாத் தலைகளும் ஆடின. அதிகமாக ஆடியது சேவியர் சாருடைய தலை.

"இன்னைக்கு சுவாதி நட்சத்திரம். அவரோட நட்சத்திரம்" என்று பின்னாலிருந்து ஒருவர் உதவிக்கு வந்தார். (வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டியைப் பார்த்தேன். சுவாதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.)

அதிகாரியின் முகம் வாடியது. "அப்ப இன்னைக்கு மட்டும்தான் இந்தக் கூட்டமா?"

பஸ் கை நழுவுவது எனக்குத் தெரிந்தது. கல்பனாவுக்காகத்தான் பேசினேன், இதை எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். எழுந்து நின்று, தினமும் போகிறவர்கள் இருக்கிறார்கள், நேரடி பஸ் இல்லாமல் அவதிப்படுகிறார்கள் என்று ஆரம்பித்து, பல வருடங்களாக நான் அச்சில் வெட்டிக்கொண்டிருந்த ஒரு தேய்ந்த சொற்றொடரில் கொண்டுபோய் முடித்தேன்: "இது பொதுமக்களின் நீண்ட நாள் கோரிக்கை சார்."

அவருக்கு அது பிடித்துப்போனது. எழுதிக்கொண்டார். பிறகு மங்கி குல்லாவைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார்.

"பாவம், இந்த வயசுல இவ்வளவு சீக்கிரம் எழுந்து வரணுமா? பத்து மணிக்கு வச்சா எப்படி இருக்கும்?"

"ரொம்ப நல்லா இருக்கும் சார்" என்றது பஸ், ஒரே குரலில். அன்று காலை அந்த வண்டிக்குள் பேசப்பட்ட ஒரே உண்மை.

தாம்பரத்தில் இறங்கியதும் திரும்பி ஓட நினைத்தோம். விடவில்லை அவர். நல்ல மனிதர்களோடு இதுதான் தொல்லை. எங்களைச் சாலை கடக்க வைத்து, செங்கல்பட்டு போகும் பஸ் ஒன்றைக் கை காட்டி நிறுத்தி, "கோவிலுக்குப் போறவங்கப்பா, பார்த்து இறக்கி விடு" என்று கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் கிளம்பும்வரை நின்றார். கிளம்பியதும் டாட்டா காட்டினார். அது சந்தேகத்துக்கு இடமில்லாத டாட்டா.

இப்படியாக, காலைக் காபியும் பிரஷர் மாத்திரையும் வீட்டில் காத்திருக்க, எங்கள் நகரின் ஆண்குலம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போய் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கியது. பாதி வழியில் திரும்பிவிடலாமே என்று கேட்டவரை ரங்கநாதன் சார் முறைத்தார். சாமி பெயரைச் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் குற்றமாம். பொய் சொன்னது குற்றமில்லையாம். மலையைக் குடைந்த கோவில். குகைக்குள் அர்ச்சகர் தீபத்தைத் தூக்கி நரசிம்மரின் நெற்றிக்கண்ணைக் காட்டினார். கூட்டத்தில் வேறு யாரையும் அந்தக் கண் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. புளியோதரை கொடுத்தார்கள். சேவியர் சார் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

கல்பனாவுக்குப் பலமுறை போன் செய்தேன். எடுக்கவில்லை. கடைசியில் ஒரு செய்தி வந்தது: "வேலையில் இருக்கேன். சாயந்தரம் பம்மல் போறேன்."

நடந்தது பிறகுதான் தெரிந்தது. பஸ் போனதும் ஷாஹிதா அக்கா கல்பனாவின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவளை ஏரிக்கரையில் மெல்ல நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார். மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் உட்கார வைத்திருக்கிறார். பாதி வழியில் கீரை ஏற்றிவந்த ஒரு குட்டியானை மினி லாரியை மறித்து, டிரைவர் பக்கத்தில் கல்பனாவை ஏற்றிவிட்டு, தான் கீரைக்கட்டுகளோடு பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கல்பனா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஷாஹிதா அக்கா போனபோது கம்பெனி கேட்டை மூடிவிட்டார்கள். அன்று அவருக்கு வேலை இல்லை.

மாலையில் புளியோதரைப் பொட்டலத்தோடு பம்மல் போனேன். கதவைத் திறந்த மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை. பஸ்ல வந்தீங்களா? உட்கார இடம் கிடைச்சுதா?"

கல்பனா காலை நாற்காலியில் நீட்டி வைத்திருந்தாள். வீங்கியிருந்தது. நான் ஆரம்பத்திலிருந்து விளக்கினேன்: இலவச டிக்கெட், கலெக்‌ஷன் சைபர், கண்டக்டர் பை.

"ஃப்ரீ டிக்கெட்டும் டிக்கெட்தான்" என்றாள். "மெஷின்ல அடிச்சுக் கையில கொடுக்கறாங்க. எத்தனை பேர் ஏறினாங்கன்னு அதுல வந்துடும். அது கணக்குல வராதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"ரங்கநாதன் சார்."

"அவர் கடைசியா எப்ப பஸ்ல போனார்?"

பதில் தெரியும். புளியோதரையை மேஜையில் வைத்தேன். மாமியார் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாமி மேல் அவருக்குக் கோபம் இல்லை.

அந்த மாதமே உத்தரவு வந்தது. வெற்றி. பஸ் நிரந்தரம். வாழைமரம் கட்டி, மாலை போட்டு, தேங்காய் உடைத்தோம். வண்டியின் நெற்றியில் பெயர்ப் பலகை: சிங்கப்பெருமாள் கோவில். நேரம்: காலை பத்து மணி. மெயின் ரோட்டில் தாம்பரம் பக்கம் அது திரும்புவதே இல்லை. எதிர்ப்பக்கம் திரும்பி, வண்டலூர் வழியாக நேரே நரசிம்மரிடம் போகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரமும் உதவாது, திசையும் உதவாது.

அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். காலை பஸ்தான் வேண்டும், பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்றோம். எங்களை அவர் அன்போடு வரவேற்றார். கோப்பைப் புரட்டினார்.

"நீங்க கேட்டதைத்தானே சார் கொடுத்திருக்கோம்? பொதுமக்களின் நீண்ட நாள் கோரிக்கைன்னு நீங்களே சொன்னீங்க." பிறகு, வருத்தத்தோடு: "லேடீஸ் வருவாங்கன்னு நானும் எதிர்பார்த்தேன். நான் வந்த அன்னைக்கு ஒரு லேடிகூட ஏறலையே."

கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தோம். வாசலில் ரங்கநாதன் சார், அடுத்த ஆய்வுக்குப் பெண்களை மட்டும் ஏற்றிவிடலாம் என்று புதுத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வளைகாப்பு பம்மலில் நடந்தது. எங்கள் கூடத்தில் நான் மட்டும் இருந்தேன், டீக்கடைப் பரோட்டாவோடு. குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்துத்தான் கல்பனா வீடு திரும்பினாள். அதற்குள் இந்தக் கதை பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரச் சொந்தங்கள் அத்தனை பேருக்கும் போய்விட்டது. எந்தக் கல்யாணத்துக்கு வேன் பிடித்தாலும், நான் ஏறியதும் மாமியார் டிரைவரிடம், "இருப்பா, மாப்பிள்ளை ஏறிட்டார். என் பொண்ணு ஏறிட்டாளான்னு பாரு" என்பார். கல்பனா அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வேன் முழுக்கச் சிரிக்கும். புது டிரைவராக இருந்தால், மண்டபம் போய்ச் சேருவதற்குள் யாராவது அவருக்கு முழுக் கதையும் சொல்லி முடித்திருப்பார்கள்.

எங்கள் பெண்ணுக்கு இப்போது மூன்று வயது. கல்பனா மறுபடி ஸ்கூட்டரில் போகிறாள், பின்னால் ஷாஹிதா அக்காவை உட்கார வைத்துக்கொண்டு. மற்ற பெண்கள் நடந்துதான் போகிறார்கள். அவர்கள் கிளம்பும் நேரத்தில் நான் தூங்குவதில்லை. அந்த வழக்கம் பம்மலிலிருந்து கல்பனா திரும்பி வந்த அன்றோடு நின்றுபோனது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே நிற்பேன். குழந்தை டாட்டா காட்டும். நான் காட்டுவதில்லை. அந்த உரிமை எனக்கு ரத்தாகிவிட்டது.

"இன்னா தம்பி, கோவிலுக்குப் போலியா?" என்பார் ஷாஹிதா அக்கா, தினமும், அலுக்காமல்.

"பஸ்ஸு பத்து மணிக்குத்தானேக்கா" என்பாள் கல்பனா, வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே.

பத்து மணிக்கு பஸ் வரும். தெருமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் அது நிற்கும். ஒரு முறை ஹாரன் அடித்து, யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, நிதானமாகக் கிளம்பும்.